தமிழ்க் காங்கிரசும் தமிழரசும்: ஒரு பிளவின் தத்துவ அடிப்படை

கட்சிகளின் தோற்றத்தைத் தலைவர்தம் பகைமையாகக் கண்டு அமைதல் எளிது. ஈழத்துத் தமிழர் அரசியலில் 1949 ஆம் ஆண்டு நேர்ந்த பிளவும் ஜீ. ஜீ. பொன்னம்பலம், எஸ். ஜே. வி. செல்வநாயகம் என்னும் இரு சட்டத்தரணிகளின் போட்டியாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. எனினும், அதிகாரம் எங்கே தங்கியிருத்தல் வேண்டும் என்ற வினாவுக்கு எழுந்த இரு வேறு விடைகளின் மோதலே அது.

1944 இல் தோன்றிய தமிழ்க் காங்கிரஸ், சட்டசபை ஆசனங்களிற் பாதியைச் சிறுபான்மையினர் அனைவருக்குமாகக் கோரியது. அதிகாரம் கொழும்பிலேயே இருக்கும். அதிற் பங்கு பெறுதலே பாதுகாப்பு என்பது 'ஐம்பதுக்கு ஐம்பது' கோரிக்கையின் உட்கிடை. சோல்பரி ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. 1948 இல் பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தமையைக் கொள்கைத் துரோகம் என்பாரும் உளர். நுணுகி நோக்கின், அஃது அக்கொள்கையின் இயல்பான நீட்சியே எனலாம்.

அதே ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மத்தியிற் பெறும் பங்கு பெரும்பான்மையின் எண்ணிக்கை முன் நிலைக்காது என்பதற்குச் செல்வநாயகம், நாகநாதன், வன்னியசிங்கம் ஆகியோர் இதனையே சான்றாகக் கண்டனர். 1949 டிசம்பர் 18 இல் அவர்கள் நிறுவிய தமிழரசுக் கட்சி, அதிகாரத்தின் இருப்பிடமாக நிலப்பரப்பை முன்வைத்தது.

அமெரிக்க வரலாறு இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. வாஷிங்டனின் அமைச்சரவையில் ஒருங்கிருந்த ஹமில்ட்டனும் ஜெபர்சனும் 1791 இல் தேசிய வங்கி குறித்து முரண்பட்டனர். அத்தகைய முரண்பாடுகளினின்றே அந்நாட்டின் முதற் கட்சிகள் முகிழ்த்தன. அங்கே சமஷ்டிவாதிகள் எனப் பெயர் பூண்டோர் மத்தியின் வலிமையை நாடினர்; இங்கே சமஷ்டிக் கட்சியினர் மத்தியின் பிடியைத் தளர்த்த முனைந்தனர். பெயரை வைத்துக் கட்சியை அளத்தல் எத்துணைத் தவறு என்பதற்கு இஃதொன்றே போதும்.

இரு கொள்கைகளுக்கும் தக்க உரைகல் வன்னியே. நிலம் அகன்றது, குடி அருகியது. தலையெண்ணிக்கையில் வன்னிக்கு இடம் சிறிது. நிலப்பரப்பே அளவுகோலாயின் அதற்கே முதலிடம். ஆயினும், 1947 இல் வவுனியா தெரிந்தது சுயேச்சையாளரான சி. சுந்தரலிங்கத்தை. அமைச்சரான அவர், 1948 இறுதியில் பிரசாவுரிமை தொடர்பான முரண்பாட்டினாற் பதவி துறந்தார். தமிழரசுக் கட்சி 10 ஆசனங்களை வென்ற 1956 தேர்தலிலும் வவுனியா அவரையே அனுப்பியது. நிலத்தை முதன்மைப்படுத்திய கட்சியின் அலை, நிலம் மிகுந்த தொகுதியை அன்று ஈர்த்துக்கொள்ளவில்லை.

பின்னர் 1977 வன்செயல்களால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறினர். எவரது உரிமையை முன்னிட்டுக் கட்சி பிளந்ததோ, அவர்களே வன்னியிற் கூலிகளாயினர். காணி உறுதியின்றிக் காடு வெட்டிப் பயிர் செய்தனர். கொழும்புக்கும் மாகாணத்துக்கும் இடையே நிலம் எவர் கையில் இருத்தல் வேண்டும் எனச் சமஷ்டிக் கொள்கை தெளிவாகவே கூறிற்று. மாகாணத்தினுள் அஃது எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதற்கு அதனிடம் அத்துணைத் தெளிவான விடை இருக்கவில்லை.

புறத்தே ஆபத்துச் சூழ்ந்திருக்கையில் அகத்து வினாக்கள் காத்திருத்தல் தகும் என வாதிடலாம். 1972 இல் இரு கட்சிகளும் ஓரணியில் இணைந்தமைக்கும் அவ்வாதமே துணைநின்றது. ஆயின், அணி ஒன்றானமையால் வினா தீர்ந்துவிடவில்லை. அதிகாரம் எங்கே என்ற கேள்வியோடு, அது யாருக்கு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கும் தத்துவமே வன்னி மண்ணில் வேரூன்றும்.