விடுவித்தலும் விட்டுவிடுதலும்: தூஸீயின் முக்கோண நூலை முன்வைத்து

நூலின் பெயர் ஒன்றைச் சொல்ல, அதன் உயிர் வேறொரு சொல்லில் தங்கியிருப்பதுண்டு. நஸீருத்தீன் தூஸீ (1201–1274) இயற்றிய 'கிதாபுஷ் ஷக்லில் கத்தாஃ' அத்தகைய நூலாகும். 'கத்தாஃ' என்றால் வெட்டுவது. ஒன்றையொன்று வெட்டும் நான்கு கோடுகளாலோ, கோளத்தின் மீது வரையப்பட்ட நான்கு பெருவட்ட விற்களாலோ அமையும் வடிவத்தையே அப்பெயர் சுட்டுகிறது. ஆனால் நூலின் ஐந்தாம் பகுதியை எட்டும் வாசகர் அங்கே 'அஷ்ஷக்லுல் முக்னீ' எனும் மற்றொரு வடிவத்தைச் சந்திக்கிறார். 'முக்னீ' என்பது, தான் கிடைத்தபின் வேறொன்றின் தேவையை இல்லாமல் ஆக்குவது. அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்றாக நாம் ஓதும் சொல் இது. இப்னு குதாமாவின் ஃபிக்ஹு நூலும் இப்னு ஹிஷாமின் இலக்கண நூலும் இதையே தம் பெயரில் தாங்கியுள்ளன. ஒரு கணிதத் தேற்றத்திற்கு நம் முன்னோர் இப்பெயரை இட்டது ஏன்? இந்நூலைத் திறனாய வேண்டிய இடம் இக்கேள்வியே என நாம் கருதுகிறோம்.

முக்கோணம் ஒன்றுக்கு ஆறு உறுப்புகள்: மூன்று பக்கங்கள், மூன்று கோணங்கள். அவற்றுள் போதியவை தெரிந்திருக்க, எஞ்சியவற்றைக் கணித்தறிவதே முக்கோணத்தைத் தீர்த்தல் எனப்படும். காகிதத்தின் மீது வரைந்த முக்கோணத்தில் இரண்டு கோணங்களும் ஒரு பக்கமும் தெரிந்தால் மற்றவை கைக்கு வந்துவிடும். ஆற்றைக் கடக்காமலே அதன் அகலத்தையும், மலை மீது ஏறாமலே அதன் உயரத்தையும் அளப்பவர் செய்வது இதுவே. விண்ணை ஆய்வோருக்கும், பூமியில் ஊருக்கு ஊர் திசை காண்போருக்கும் இது போதாது. அவர்களுடைய முக்கோணம் கோளத்தின் மீது கிடக்கிறது. அதன் பக்கங்களும் நேர்கோடுகளாக இராமல் விற்களாகவே இருக்கின்றன.

இந்தக் கோள முக்கோணத்திற்கு முதல் வழியைக் காட்டியவர் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் மெனலாவுஸ். அவரது நூலின் கிரேக்க மூலம் மறைந்துவிட்டது. இன்று அது எஞ்சியிருப்பது அரபு மொழிபெயர்ப்பின் வழியாகத்தான். அவரது தேற்றமே 'ஷக்லுல் கத்தாஃ'. அது பிழையற்றது, ஆயினும் சுமை மிக்கது. அதில் ஆறு அளவுகள் ஒரே உறவில் பிணைந்துள்ளன. ஐந்து தெரிந்தால்தான் ஆறாவதைக் காணலாம். எந்த அளவுக்கு எந்த அளவு இணை என்பதில் சிறிது தடுமாறினாலும் விடை முழுவதும் பாழாகிவிடும்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இச்சுமை இறங்கிற்று. முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தின் ஜைபுக்கும் அதற்கு எதிரேயுள்ள கோணத்தின் ஜைபுக்கும் உள்ள விகிதம் ஒன்றே என்பதைக் கண்டுகொண்டனர். இதுவே முக்னீ. ஆறு அளவுகள் நின்ற இடத்தில் இப்போது நான்கே நிற்கின்றன. மூன்றைக் கொண்டு நான்காவதைப் பெறலாம். இதனை முதலில் கண்டவர் யார் என்பதில் அன்றே கருத்து வேறுபாடு இருந்தது. அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ, அல்பீரூனீயின் ஆசிரியர் அபூ நஸ்ர் இப்னு இராக், அல்குஜந்தீ ஆகிய மூவர் பெயரும் பேசப்பட்டன. தூஸீ இதனைத் தம் கண்டுபிடிப்பாக எங்கும் உரிமை கொண்டாடவில்லை. முன்னோரின் பங்கை முன்னோருக்கே சேர்க்கிறார்.

ஜைப் என்னும் சொல்லின் வரலாறும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. வில்லின் நாணைக் குறிக்கும் வடமொழிச் சொல்லான 'ஜ்யா', 'ஜீவா' என்பவற்றை இந்தியக் கணிதர் அரைநாணுக்கு வழங்கினர். கி.பி. 499-இல் ஆரியபட்டர் இயற்றிய நூலில் இதன் பட்டியலே உண்டு. அது அரபு எழுத்தில் ஏறியபோது உயிர்க்குறியின்றி எழுதப்பட்டு, 'ஜைப்' என வாசிக்கப்பட்டது. ஜைப் என்றால் ஆடையின் கழுத்துத் திறப்பு. ஸூரத்துந் நூரின் 31-ஆம் வசனத்தில் இச்சொல்லின் பன்மை வருவதை நம் மாணவர் அறிவர். நம் பேச்சுத் தமிழில் 'ஜேப்பு' என வழங்குவதும் இதே வேரினதே. இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதன் பொருளைத் தம் மொழியில் பெயர்க்க, இன்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் 'சைன்' பிறந்தது. முக்கோணவியல் முழுவதும் முஸ்லிம்களின் படைப்பே என்று மேடைதோறும் முழங்குவோர் இந்த ஒரு சொல்லையேனும் பிரித்துப் பார்த்தல் வேண்டும். கிரேக்கரின் கோளமும் இந்தியரின் அரைநாணும் அரபியரின் விகிதமும் ஒன்றாகக் கலந்த அறிவு இது. உண்மையான பெருமைக்கு மிகையான உரிமைகோரல் தேவைப்படுவதில்லை.

அவ்வாறாயின் தூஸீயின் பெருமை யாது? அது ஒழுங்கில் உள்ளது. அதுவரை முக்கோணம் வானியலின் பணியாளாகவே இருந்தது. கோள்களின் இடத்தைக் கணிக்கும் நூல்களில் வேண்டிய பக்கத்தில் வேண்டிய அளவே அது தலைகாட்டிற்று. தூஸீ அதனைத் தனித் துறையாக்கி ஐந்து பகுதிகளில் அமைத்தார். விகிதங்களின் இயல்பில் தொடங்கி, சமதள வடிவத்தையும் சமதள முக்கோணத்தையும் கடந்து, கோளத்திற்கு ஏறி, முக்னீயில் முடிக்கிறார். செங்கோணக் கோள முக்கோணத்தில் தெரிந்தவை எவை, தெரியாதவை எவை என்பதற்கேற்ப ஆறு நிலைகளை வகுத்து ஒவ்வொன்றுக்கும் வழி சொல்கிறார். இவற்றுள் மூன்று கோணங்கள் மட்டும் தெரிந்த முக்கோணத்தைத் தீர்க்கும் இடமே நூலின் உச்சமென்போம். சமதளத்தில் இது இயலாத செயல். ஒரே கோணங்களோடு சிறிதும் பெரிதுமாக எண்ணற்ற முக்கோணங்கள் வரையலாம். கோளத்திலோ கோணங்களே பக்கங்களை உறுதி செய்துவிடுகின்றன. கொடுத்த முக்கோணத்தின் கோணங்களைத் தன் பக்கங்களாக்கிக் கொள்ளும் துணை முக்கோணம் ஒன்றை அமைத்து, தெரியாத வினாவைத் தெரிந்த வினாவாக்கி விடுகிறார். மேற்குலகில் இத்துறைக்குத் தனிநூல் எழுதிய ரெஜியோமொன்டானுஸ் தம் நூலை 1464 அளவில் எழுதினார். அது அச்சேறியது 1533-இல். தூஸீயின் அரபு நூலோ 1260-இல் நிறைவுற்றது.

அந்த ஆண்டைக் கண்டதும் நம்முள் சிலர் முகம் சுளிப்பர். 1258-இல் பக்தாத் அழிந்தபோது தூஸீ ஹுலாகுவின் பக்கத்தில் இருந்தார். அதற்காக இமாம் இப்னு தைமிய்யா அவரைக் கடுமையாகக் கண்டித்துள்ளார். அவ்வழக்கை வரலாற்றாசிரியர் விசாரிக்கட்டும். முக்கோணத்தின் நிறுவலுக்கு அதை நிறுவியவரின் ஒழுக்கச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஹதீஸ் அறிவிப்பாளரை எடைபோடும் தராசு வேறு. கணித நிறுவலை எடைபோடும் தராசு வேறு.

நூலின் மீது நமக்குக் குறையும் உண்டு. முக்னீயை அறிந்தவர், அதனால் தேவையற்றுப்போன கத்தாஃவுக்கே முதல் நான்கு பகுதிகளில் பெரும்பங்கை ஒதுக்குகிறார். நூலுக்கும் அதன் பெயரையே சூட்டுகிறார். அவ்வடிவம் கொள்ளக்கூடிய நிலைகளை ஒன்றுவிடாமல் எண்ணிச் செல்லும் பக்கங்கள் வாசகரின் பொறுமையைச் சோதிக்கின்றன. விதி தெளிவாக இருக்கிறது. அதைக் கையிலெடுத்து ஓர் ஊரின் திசையைக் காணும் கைப்பழக்கத்தை இந்நூல் தருவதில்லை. அதற்கு அல்பீரூனீயிடம் செல்ல வேண்டும். அவரது 'தஹ்தீத்' கஸ்னா நகரின் கிப்லாவைக் காண்பதற்காக ஊர்களுக்கிடையே முக்கோணம் முக்கோணமாக அளந்து செல்கிறது. இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே இத்துறையின் உடலும் உயிரும் ஒருசேரப் புலப்படும்.

விதி கைக்கு வந்தால் என்ன கிட்டும் என்பதற்கு நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். சென்னையின் அகலாங்கு வடக்கே 13.08 பாகை, மக்காவினது 21.42 பாகை. இரண்டுக்கும் இடையே நெட்டாங்கு வேறுபாடு 40.44 பாகை. வடதுருவம், சென்னை, மக்கா ஆகிய மூன்றும் ஒரு கோள முக்கோணத்தின் முனைகள். துருவத்திலிருந்து சென்னைக்கு 76.92 பாகை, மக்காவுக்கு 68.58 பாகை, இடைக்கோணம் 40.44 பாகை. மக்காவிலிருந்து சென்னையின் நெட்டாங்குக் கோட்டின் மீது ஒரு செங்குத்து வில்லை இறக்கினால், முக்கோணம் இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரிகிறது. முதலாவதைத் தீர்த்தால் செங்குத்தின் அளவு சுமார் 37 பாகை எனவும், அதன் அடி சென்னைக்கு வடக்கே சுமார் 14 பாகை எனவும் கிடைக்கும். இவ்விரண்டையும் கொண்டு மற்றதைத் தீர்த்தால், கிப்லா வடக்கிலிருந்து மேற்காக 72 பாகை. அதாவது நேர்மேற்கிலிருந்து வடக்கே 18 பாகை. பூமியைச் சமதளமாகக் கருதி, தட்டையான வரைபடத்தில் கோடிழுத்துக் காண்பவருக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 12 பாகையே. ஆறு பாகை வேறுபாடு என்பது, இருபது மீட்டர் நீளமுள்ள ஸஃப்பு ஒன்றின் ஒரு முனை இரண்டு மீட்டர் நகர்வதற்குச் சமம்.

தொலைவிலிருப்போருக்குக் கஃபாவின் திசையே போதும் என்போரும், கஃபாவையே நேராக முன்னோக்க வேண்டும் என்போரும் மத்ஹபுகளில் உளர். ஆகவே தொழுகை கூடுமா என்பது ஃபிக்ஹின் வினா. அதற்குள் நாம் புகவில்லை. நம் கவலை கல்வியைப் பற்றியது. இல்முல் ஹைஆவும் மீகாத்தும் ஒருகாலத்தில் மதரஸாக் கல்வியின் அங்கங்களாக இருந்தன. இன்று கைப்பேசியின் திரையில் ஓர் அம்பு திரும்பிக் கிப்லாவைக் காட்டிவிடுகிறது. அந்த அம்புக்குப் பின்னால் இயங்குவதும் கோள முக்கோணமே. 'இனி இந்தக் கணக்கு எதற்கு? அம்புதான் முக்னீ' என்று சொல்லத் தோன்றலாம்.

இவ்விடத்தில்தான் தூஸீயின் குறையென நாம் கண்டது அவருடைய நிறைவாகத் திரும்பிவருகிறது. அவர் மெனலாவுஸின் சுமையை நான்கு பகுதிகள் முழுதும் சுமந்து, அதன் ஒவ்வொரு மூலையையும் அறிந்து, அதன் பின்னரே அதிலிருந்து நம்மை விடுவித்தார். அவர் அளித்தது விடுவித்தல். நாம் செய்வது விட்டுவிடுதல். விடுவிக்கப்பட்டவருக்குப் பழைய வழி தெரியும். அம்பு தவறாகத் திரும்பினால் அவர் கண்டுகொள்வார். விட்டுவிட்டவரிடமோ அம்பைச் சோதிக்க மற்றோர் அம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு மஸ்ஜிதில் இரண்டு கைப்பேசிகள் இரண்டு திசைகளைக் காட்டும் நாளில் அங்கே தீர்ப்புச் சொல்லத் தக்கவர் யார்?

இந்நூலின் அரபு மூலத்தை 1891-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் இஸ்தன்பூலில் வெளியிட்டவர், உஸ்மானிய அரசின் உயர்பதவியில் இருந்த காரதியோதரி பாஷா என்னும் கிரேக்கக் கிறிஸ்தவர். அரபு மொழியைத் தொழிலாகக் கொண்ட நம்மவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நூல் முழுவதையும் பாடமாக்குங்கள் என்று நாம் கோரவில்லை. ஐந்தாம் பகுதியிலிருந்து சில பக்கங்களும், தத்தம் ஊரின் கிப்லாவைத் தாமே கணிக்கும் ஒரு பயிற்சியும் இறுதி வகுப்பில் இடம்பெற்றால் போதும். மொழியறிவும் கணித அறிவும் ஒரே மேசையில் அமரும் அரிய வாய்ப்பு அது. எஞ்சிய பக்கங்களைத் தேடிச் செல்லும் மாணவர் அவர்களிடையிலிருந்தே எழுவர், இன்ஷா அல்லாஹ்.