தலையில் ஏறும் படகு

ஒகேனக்கல் போய் வந்தவர்கள் அருவியைப் பற்றிப் பேசுவார்கள், எண்ணெய்க் குளியலையும் மீன் வறுவலையும் பற்றிப் பேசுவார்கள். ஏறிப் போன வண்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சுமார் ஏழடி விட்டம், மூங்கில் பிளாச்சுப் பின்னல், அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் தார்ப்பூச்சும், ஒற்றைத் துடுப்பு. முன்பு விரிப்புக்குப் பதில் தோல். கை பழகியவர்கள் ஒரே நாளில் கட்டி முடித்துவிடுவார்கள். பரிசலின் விவரக்குறிப்பு இவ்வளவுதான். மைலேஜ் கேட்பவர்கள் பரிசல் ஓட்டியின் தோளைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டம் எப்படி? சுற்றும். அடிக்கட்டை கிடையாது, முன் பின் என்ற பேதமும் கிடையாது. துடுப்பை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் திரும்பிவிடும். அந்தச் சுழற்சியை அடக்கி நேராகக் கொண்டுபோவதுதான் ஓட்டியின் வித்தை. தட்டையான அடி என்பதால், மற்ற படகுகள் தரைதட்டும் ஆழத்திலும் இது வழுக்கிக்கொண்டு போகும்.

சில வாரங்கள் ஏறி இறங்கிப் பழகிய பிறகு மனதில் நிற்பது ஓட்டமல்ல, தூக்கல். பாறை குறுக்கிடும் இடத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, ஓட்டி பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் போட்டுக்கொள்கிறார். பயணிகள் படியில் தடுமாறி இறங்குவதற்குள் அவர் கீழ்த்துறையில் பரிசலை மறுபடி தண்ணீரில் விட்டிருப்பார். ஸ்காட்லாந்தில் 2002-இல் திறந்த ஃபால்கிர்க் சக்கரம் படகுகளை 24 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறது. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 2016-இல் இயங்கத் தொடங்கிய லிஃப்ட், 3,000 டன் கப்பலையே 113 மீட்டர் வரை ஏற்றி இறக்குகிறது. ஒகேனக்கல் இருக்கும் பென்னாகரம் வட்டத்தில் அந்த வேலையை ஒரு மனிதரின் கழுத்து பார்க்கிறது.

கூர்ந்து கவனித்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். முதலில் உள்ளே தேங்கிய தண்ணீர் போக வேண்டும். ஒரு குடம் தண்ணீர் தங்கினாலும் சுமை கூடும், நடக்கும்போது அது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆளையும் சாய்க்கும். பிறகு விளிம்பைப் பிடித்துப் பரிசலைச் செங்குத்தாக நிறுத்துகிறார். முழங்காலை மடக்கி அடியில் நுழைந்து, முதுகை வளைக்காமல் காலாலேயே எழுகிறார். காற்றடித்தால் விரித்த குடையைப் போல அது ஆளை இழுக்கும் என்பதால் ஒரு கை எப்போதும் விளிம்பில் இருக்கும். பாசி பிடித்த பாறையில் பாதம் முழுதாகப் பதிந்த பிறகே அடுத்த அடி. அந்த நேரத்தில் உதவுகிறேன் என்று பின்னால் போய்ப் பிடிப்பவர்தான் பெரிய ஆபத்து. கவிழ்ந்த பரிசலுக்குள் இருப்பவருக்குத் தன் காலடியைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவர் வழியைவிட்டு விலகி நிற்பதே உதவி.

இந்தத் தூக்கல் பரிசலோடு கூடப் பிறந்தது. வட்டப் படகுக்கு ஆற்றின் போக்கில் இறங்குவது எளிது, எதிர்த்து ஏறுவது பெரும்பாடு; அதனால் திரும்பும் வழியில் அதைச் சுமக்க வேண்டிவரும். யூப்ரடீஸ் ஆற்றில் ஓடிய தோல் போர்த்திய வட்டப் படகுகளைப் பற்றி கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்: வணிகர்கள் பாபிலோனில் சரக்கை இறக்கி, படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றி ஊர் திரும்புவார்களாம். படகோடு கழுதையையும் ஏற்றி வந்தவர்கள் அவர்கள். காவிரியில் கழுதைக்கு இடமில்லை.

எரிச்சலுக்கு வருவோம். லைஃப் ஜாக்கெட் கட்டாயம், நல்லது. ஆனால் கையில் வருவதில் பாதிக்கு மேல் முந்தைய ஆளின் ஈரத்தோடு வருகிறது; கொக்கி மாட்டினால் வார் தளர்ந்திருக்கிறது, வாரை இழுத்தால் கொக்கி கழன்றுகொள்கிறது. தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் காது வரை ஏறும் ஜாக்கெட், தண்ணீரில் விழுந்தவரை விட்டுவிட்டுத் தான் மட்டும் மிதக்கும். மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். இன்னொரு கூத்து, பாறையில் இறங்கியதும் படத்துக்காக ஜாக்கெட்டைக் கழற்றுவது. வழுக்கி விழ வாய்ப்பு அதிகமுள்ள இடமே அதுதான்.

ஏறும்போதும் ஒரு முறை உண்டு. ஓட்டி விளிம்பை அழுத்திப் பிடித்திருக்க, ஒவ்வொருவராக நடுவில் கால் வைத்து எதிரெதிராக அமர வேண்டும். "நடுவுல குந்துங்க சார், எந்திரிக்காதீங்க" என்று அவர் சொல்வது உபசாரப் பேச்சில்லை. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து கையை நனைத்தால் விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்துவிடும்.

கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி வழிந்தால், வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் கனஅடிக் கணக்கு ஏறும், பரிசல் துறைக்குப் பூட்டு விழும். 2018, 2024 ஆகஸ்ட் மாதங்களில் வரத்து விநாடிக்கு லட்சம் கனஅடியைத் தாண்டியது. பெங்களூரிலிருந்து வந்தவர்கள் துறையில் நின்று சண்டை போடுவது வழக்கம். அந்த விஷயத்தில் பரிசல் தன் தகுதியை மறைப்பதே இல்லை: அந்த வெள்ள வேகத்துக்குச் செய்த வண்டி அல்ல இது. வரத்து தணிந்த மாதங்களில் தாராளமாக ஏறலாம். அடுத்த மாடலில் ஒன்றே ஒன்று வேண்டும்: தூக்குபவரின் தலைக்கும் மூங்கிலுக்கும் நடுவே பஞ்சு வைத்த ஒரு பட்டை. பயணிகளுக்கு ஜாக்கெட் கொடுத்தாயிற்று; ஓட்டியின் கழுத்துக்கு இன்னும் எதுவும் கொடுக்கவில்லை.