ராகினும் நம் டாக்டர்களும்

செகாவின் ‘ஆறாவது வார்டு’ கதையை (1892) ஜார் காலத்து ருஷ்யாவின் மீது எறிந்த ஈட்டி என்று புகழ்வார்கள். எனக்கு அது ஒரு டாக்டரின் கதை, எழுதியவரும் டாக்டரே. ராகின் கொடுமைக்காரரல்ல. படித்தவர், சாது, அதட்டத் தெரியாதவர். அவர் ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளைக் காவல்காரன் நிக்கீத்தா அடித்து நொறுக்குகிறான். ராகினோ, வெதுவெதுப்பான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் பேதமே இல்லை என்று ஒரு நோயாளியிடமே தத்துவம் பேசுகிறார்! பாரபட்சத்தைக் கெட்டவனிடம் வைப்பது கதாசிரியனுக்குச் சுலபம். செகாவ் அதை நல்லவரிடம், அவர் அறியாமலே குடியிருக்கும்படி வைத்தார்.

ருஷ்யாவுக்குப் போவானேன்? விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியிலாவது புறநோயாளிகள் வரிசையில் அரைமணி நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். சலவை வேட்டிக்கு, “வாங்க, உட்காருங்க.” பின்னால் நிற்கும் இருளர் மூதாட்டிக்கு, “இந்தா, இப்படி வா.” சொல்பவருக்குத் துவேஷம் கிடையாது. கேட்டால், “எல்லாரும் எனக்கு ஒன்றுதான்” என்பார்; மனமறிந்த பொய்யும் அல்ல. ஆனால் தமிழ் பொல்லாத பாஷை. வினைச்சொல்லின் வாலிலேயே மனத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

வாலோடு போனால் பரவாயில்லை. ‘வா’ என்று அழைக்கப்பட்டவரிடம் இரண்டு கேள்வி குறைகிறது. ‘இவங்க வலி தாங்குவாங்க’ என்ற நினைப்பில் மருந்தும் குறையலாம். அமெரிக்காவில் 2016-ல் வெளிவந்த வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், வெள்ளைக்கார மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி டாக்டர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர், கறுப்பர் தோல் தடித்தது என்பதுபோன்ற கட்டுக்கதை ஒன்றையாவது நம்பினார்கள். (நம் ஊரில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிமருந்துக்குப் பெருமளவு விஷம் எடுத்துக் கொடுப்பது, 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம்! வரிசையில் யாருக்கு இது ஞாபகம் வருகிறது?)

கடைசியில் ராகினையே அந்த வார்டில் அடைக்கிறார்கள். நிக்கீத்தாவின் முஷ்டி விழுந்த பிறகே, இருபது வருஷத்துக்கு மேலாக இது தெரியாமல் இருந்தோமே என்று அவருக்கு உறைக்கிறது. மறுநாளே இறந்துபோகிறார். செகாவோடு எனக்குள்ள வழக்கு இதுதான். உணர்ந்தவரை மறுநாள் வேலைக்கு அனுப்பியிருக்க வேண்டாமா? கஷ்டமான கதை அங்கேயல்லவா ஆரம்பமாகிறது!

எனக்குத் தெரிந்த மூத்த நர்ஸ் ஒருவர், பயிற்சிப் பெண்களின் காதில் விழும்படியாகவே சொன்னார்: “இத்தனை நாளும் ஆளைப் பார்த்துத்தான் ‘ங்க’ போட்டிருக்கேன் சார்.” பிறகு வரிசையைப் பார்த்து, “வாங்கம்மா” என்றார். கொஞ்சம் செயற்கையாகத்தான் இருந்தது. முன்னால் நின்ற மூதாட்டி, வேறு யாரையோ கூப்பிடுகிறார்களென்று திரும்பிப் பார்த்தார்.