முதுபாலையும் மும்பைத் தாராவியும்: துயரின் படிநிலைக் கோட்பாடு குறித்து ஒரு மறுநோக்கு

இழப்பைத் தாங்கும் மனம் எவ்வழியே செல்கிறது என்னும் வினாவிற்கு இன்று வகுப்பறைகளிலும் மருத்துவமனைகளிலும் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் விடை, எலிசபெத் கியூப்ளர் ராஸ் வகுத்த ஐந்து படிநிலைகளாகும். மறுப்பு, சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்பன அவை. 1969இல் வெளிவந்த அவருடைய நூல், இறக்கும் நிலையிலிருந்த நோயாளிகளுடன் நிகழ்த்திய உரையாடல்களின் அடிப்படையில் எழுந்தது. தம் இறப்பை எதிர்நோக்குவோர்க்கெனச் சொல்லப்பட்ட அப்பகுப்பு, பிறரை இழந்து நிற்போர்க்கும் உரியதாகப் பின்னர் விரிந்தது. டேவிட் கெஸ்லருடன் இணைந்து அவர் எழுதி 2005இல் வெளிவந்த நூல் அவ்விரிவுக்கு நூல்வடிவம் தந்தது. படிநிலைகள் எல்லோர்க்கும் ஒரே வரிசையில் அமைவதில்லை என அந்நூலே கூறினும், வழக்கில் நிலைத்தது வரிசைதான்.

இக்கோட்பாட்டைச் சங்கப் பாடல்களின்மீது பொருத்திக் காட்டுவது எளிது. கையறுநிலைப் பாடல் ஒன்றில் மறுப்பையும் மற்றொன்றில் சினத்தையும் சுட்டிவிடலாம். அதனால் பாடலும் விளங்குவதில்லை. கோட்பாடும் சோதனைக்கு உள்ளாவதில்லை. எனவே இக்கட்டுரை எதிர்த்திசையில் செல்கிறது. தமிழ்ப் புறத்திணை மரபின் முதுபாலைத் துறையை அளவுகோலாகக் கொண்டு படிநிலைக் கோட்பாட்டை மதிப்பிடுகிறது. மும்பைத் தமிழரின் இழவுச் சூழலில் அவ்வளவுகோல் தரும் பயனையும் நோக்குகிறது.

துறைப் பகுப்பின் அடிப்படை

தொல்காப்பியர் காஞ்சித்திணையில் இறப்பு சார்ந்த துறைகள் பலவற்றை வைக்கிறார். கணவனை இழந்தாளின் நோன்பு தாபதநிலை. மனைவியை இழந்தானின் தனிமை தபுதாரநிலை. இறந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்புவது கையறுநிலை. சுரத்திடைக் கணவனை இழந்த பெண் தனித்துப் புலம்புவது முதுபாலை. புறநானூற்றுத் துறைக் குறிப்புகள் இத்தகைய பாடல்களைப் பொதுவியல் திணையுள் அடக்குகின்றன. திணை வேறுபடினும் பகுப்பின் அடிப்படை மாறவில்லை. யார், யாரை, எவ்விடத்தில் இழந்தார் என்பதே அவ்வடிப்படை. இழந்து எத்தனை நாளாயிற்று, மனம் எப்படியில் நிற்கிறது என்னும் காலக் கணக்கு அதில் இல்லை. உறவும் இடமும் மாறினால் துயரும் வேறொன்றாகிவிடும் என்பது இப்பகுப்பின் உட்கிடை எனலாம்.

புறநானூற்றின் 253 முதல் 256 வரையுள்ள நான்கு பாடல்களும் முதுபாலைத் துறையின. அவற்றுள் வன்பரணர் பாடிய 255ஆம் பாடல் ஈண்டுத் தனித்து நோக்கத்தக்கது. வாய்விட்டு அலறினால் புலி வருமோ என அப்பெண் அஞ்சுகிறாள். அணைத்துத் தூக்கலாமெனின் அவன் மார்பின் அகலம் இடந்தரவில்லை. அவனை இவ்வாறு ஆக்கிய அறமற்ற கூற்றம் தன்னைப் போல் நடுங்கட்டும் எனச் சினக்கிறாள். பின்னர் இறந்தவனையே நோக்கி, தன் கையைப் பற்றிச் சிறிது நடந்தால் மலைநிழலை அடைந்துவிடலாம் என்கிறாள். மறுப்பு, சினம், பேரம் ஆகிய அனைத்தும் ஆறே அடிகளுள் ஒரே மூச்சில் நிகழ்ந்துவிடுகின்றன. வரிசை என்று எதனையும் இங்குப் பிரித்தெடுக்க இயலாது. அவ்வாறு பிரித்தால் பாடலின் உயிர்நிலையாகிய புலியச்சம் எப்படியிலும் சேராது நிற்கும். துணையற்ற நிலத்தில் அழுவதற்கும் இடமில்லை என்பதே அவள் துயரின் தனித்தன்மை. அதனை அளப்பதற்குரிய கருவி ஐந்து படிநிலைகளுள் இல்லை.

256ஆம் பாடல் இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிய பல்லியைப்போலக் கணவனுடன் சுரம் பல கடந்து வந்தவள், அவ்வூர்க் குயவனிடம் தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகிறாள். அவள் இறப்பை மறுக்கவில்லை, தாழிக்கே சொல்லிவிட்டாள். படிநிலைக் கணக்கின்படி அவள் இறுதிப்படியாகிய ஏற்பில் நிற்பவள். ஆயின் நால்வருள் மீட்சிக்கு மிகத் தொலைவில் நிற்பவளும் அவளே. கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய 228ஆம் பாடலும் குயவனையே விளிக்கிறது. அங்குக் குயவன் இரங்கத்தக்கவன். அத்துணைப் பெரிய மன்னனுக்குத் தாழி வனைய அவனால் இயலாது. இங்கு அவனே, அயலூரில் அவளுக்குப் பேச வாய்த்த ஒரே மனிதன்.

தாராவியின் பாலை

பிழைக்கச் சென்ற நிலத்தில் நேரும் இறப்பே முதுபாலை எனக் கொண்டால், மும்பைத் தமிழரின் வரலாறு இத்துறைக்குப் புறம்பானதன்று. தாராவித் தமிழருள் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகவும் பிற உடலுழைப்புகளுக்காகவும் குடியேறியோரின் வழியினர். மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் அலுவலகப் பணியாளர் குடும்பங்களினின்றும் இவர்கள் நிலை வேறு. ஊரில் தாய் இறந்தால் இரயிலில் ஒரு நாளுக்கு மேலாகும். முகம் காண்பது பலர்க்கு வாய்ப்பதில்லை. மும்பையில் கணவன் இறந்தால் நீர்மாலை எடுக்க வேண்டிய பங்காளிகள் தெற்கே இருப்பர். தாராவிக்குள்ளேயே குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா அமைந்திருப்பது தற்செயலே. எனினும் அத்தெருவைக் கடக்கும் தமிழ் மாணவர்க்கு 256ஆம் பாடல் நினைவுக்கு வராமலிருப்பது அரிது.

2020ஆம் ஆண்டு இத்துயரை அதன் எல்லைக்குக் கொண்டுசென்றது. அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனாத் தொற்று கண்டறியப்பட்டது. பயணிகள் இரயில்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. இறுதிச் சடங்கில் இருபதின்மருக்கு மேல் கூடலாகாது என்பது அரசாணை. தொற்றால் இறந்தோரைத் தொட்டு அழவும் இயலாது. புலிக்கு அஞ்சி அலறாதவளின் நிலை பாடற்பொருளாக இல்லாமல் நடைமுறையாயிற்று.

ஒப்பாரியும் மருத்துவ வரையறையும்

ஒப்பாரியை ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசே, இறந்தோர்க்காக எவரும் அழுவதில்லை என்னும் பொருளமைந்த தலைப்பில் 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்கள் பிறர் இழவில் தம் குறைகளையே பாடுகின்றனர் என்பது அவர் காட்டும் உண்மை. இதனை முற்றும் மறுப்பதற்கில்லை. ஆயினும் தலைப்பு மிகைபடக் கூறுகிறது. அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கையும் தொல்காப்பியர் ஒருங்கே நிலைக்களனாக்கினார். வறுமைக்கு அழுபவள் இழவுக்கு அழவில்லை என அம்மரபு பிரித்துப் பார்ப்பதில்லை. ஐந்தாண்டுக்கு முன் இறந்த தன் மகனை அடுத்த வீட்டு இழவில் ‘நீ’ என விளித்து அழும் தாய், படிநிலைக் கணக்கில் மறுப்பிலேயே தங்கிவிட்டவள். ஒப்பாரி மரபில் அவள் முறை செய்பவள்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 2022இல் ‘நீடித்த துயர்க் கோளாறு’ என ஒன்றைச் சேர்த்தது. முதிர்ந்தோர்க்கு அதன் கால எல்லை பன்னிரண்டு மாதம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் பகுப்பில் ஆறு மாதம். துயர் அவரவர் பண்பாட்டு நெறியை விஞ்சியிருந்தால் மட்டுமே கோளாறு எனக் கொள்ளவேண்டும் என இரண்டும் நிபந்தனை விதிக்கின்றன. தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்கு வரும் தமிழ்ப் பெண்ணின் நெறி யாது என்பதை அம்மருத்துவர்க்கு எடுத்துரைக்கத்தக்க ஆய்வு தமிழ்த் துறைகளிடமிருந்து போதிய அளவில் வரவில்லை. ஒப்பாரித் தொகுப்புகள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பாடல்களையே தொகுத்தன. பாடியவர் இறந்தவர்க்கு என்ன முறை, எத்தனை ஆண்டு கழித்துப் பாடினார், எவ்வூரில் யார் அருகிருந்தனர் என்பவை பாடலோடு பதிவாக வேண்டும். மறுசீரமைப்புத் திட்டத்தால் தாராவியின் சந்துகள் கலையும்போது, தோளணைத்து உடன் அழும் அண்டை வீட்டுப் பெண்களும் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறக்கூடும். இப்பதிவு அதற்குமுன் நிகழவேண்டியது.