குண்டலகேசிக் கதையும் தற்காப்புக் கொலையும்

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசியின் தலைவி, தன்னைக் கொல்ல முனைந்த கணவனை மலையுச்சியினின்று தள்ளிக் கொன்றவள். இலக்கிய வரலாற்று நூல்கள் இச்செய்தியை ஒரு தொடரில் கூறி, அடுத்த தொடரில் அவளது துறவுக்குச் சென்றுவிடுகின்றன. கொலை என்பது துறவுக்கு வாயிலாக அமைந்த நிகழ்ச்சி என்ற அளவில் நின்றுவிடுகிறது. அக்கொலை முறையானதா என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. எழுப்பப்படும் இடங்களிலும், பெண்ணின் மதிநுட்பம் என்ற பாராட்டு அல்லது கணவனைக் கொன்ற பழி என்ற ஒதுக்கல், இவ்விரண்டில் ஒன்றே விடையாகக் கிடைக்கிறது. இரண்டும் வினாவைத் தட்டிக்கழிப்பனவே.

இவ்வினாவை எழுப்புவதற்கு முன் சான்றுகளின் நிலையைக் கருத வேண்டும். நாதகுத்தனார் இயற்றியதாகக் கூறப்படும் இக்காப்பியம் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டின் வழிக் கிடைக்கும் 19 பாடல்களே எஞ்சியுள்ளன. அவை நிலையாமை முதலான அறக்கருத்துகளைக் கூறுவன. ஒவ்வொரு பருவமும் கழியுந்தோறும் மனிதன் இறந்துகொண்டேயிருக்கிறான் என்னும் புகழ்பெற்ற பாடல் அவற்றுள் அடங்கும். மலைநிகழ்ச்சி அவற்றில் இல்லை. அறநூல் தொகுப்பாளருக்குக் கதை தேவைப்படவில்லை போலும். ஆகவே தமிழில் பத்திரையின் செயலுக்குரிய முதன்மைச் சான்று நீலகேசிக்குச் சமயதிவாகர முனிவர் வரைந்த உரையேயாகும். நீலகேசியோ குண்டலகேசியை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூல். ஒரு பெளத்தத் தலைவியின் கொலைச்செயலுக்கு, அவளை வாதில் வீழ்த்திய நூலின் உரையாசிரியரே சாட்சியாகிறார். வழக்குமன்ற மொழியில் கூறினால் இது எதிர்த்தரப்புச் சாட்சி. எனினும் இச்சாட்சி அவள்மீது பழி சுமத்தவில்லை என்பது வியப்புக்குரியது. தன்னைக் கொல்ல வருபவனை முந்திக் கொல்லுதல் வேண்டும் என்னும் பொருளுடைய மூதுரை ஒன்றே அவ்வுரைக் கதையில் அவள் செயலுக்கு அடிப்படையாக வைக்கப்படுகிறது.

கதையின் தமிழ் வடிவமும் பாலி வடிவமும் ஓர் இன்றியமையாத இடத்தில் வேறுபடுகின்றன. இரண்டிலும் வணிகர்குலப் பெண் ஒருத்தி, கொலைத்தண்டனை பெற்ற கள்வனைக் கண்டு காதலுறுகிறாள். தந்தை தன் செல்வத்தால் அவனை மீட்டு மணம் செய்விக்கிறான். பாலி உரைகளில் கணவனின் நோக்கம் அணிகலன். மனைவியை நகைகளுடன் மலைக்கு அழைத்துச் சென்று, கொன்று, கவர்ந்துகொள்ள அவன் திட்டமிடுகிறான். நகைகளைத் தருவதாக அவள் கூறியும் அவன் இசைவதில்லை. தமிழ் வடிவத்தில் நகைக்கு மாறாக ஒரு சொல் வந்து நிற்கிறது. ஊடற்பொழுதில் விளையாட்டாக அவள் அவனைக் கள்வன் எனச் சுட்டுகிறாள். அச்சொல் அவன் நெஞ்சில் வன்மமாக உறைகிறது.

இம்மாற்றம் காதலையும் ஊடலையும் நுட்பமாக அறிந்த தமிழ் மரபின் ஆக்கம் எனப் பாராட்டத் தக்கதுதான். ஆனால் இதன் விளைவாகப் பழியின் ஒரு கூறு பத்திரையின் நாவுக்கு மாற்றப்படுகிறது. அவள் அச்சொல்லைச் சொல்லாதிருந்தால் எனத் தொடங்கும் விளக்கங்கள் வகுப்பறைகளில் இன்றும் கேட்கப்படுவனவே. கொலைச்சட்டம் இத்தகைய வாதத்தை எவ்வாறு நோக்கும்? இந்தியத் தண்டனைச் சட்டம், 1860, பிரிவு 300இன் முதல் விதிவிலக்கு, கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான சினமூட்டலுக்கு மட்டும் இடமளித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 101ஆம் பிரிவும் அவ்வாறே. சினம் தணிவதற்குக் காலம் வாய்த்தபின் செய்யப்படும் கொலைக்கு இவ்விலக்குப் பொருந்தாது என்பதை 1961ஆம் ஆண்டின் நானாவதி வழக்குத் தீர்ப்பு தெளிவாக்கியது. ஊடலில் கேட்ட சொல்லை உள்ளத்தில் அடக்கி, பின்னொரு நாள் மனைவியை மலைக்கு அழைத்துச் செல்பவனிடம் திடீர்ச் சினம் ஏது? சொல்லைச் சொன்னவள் உயிர்மீதுள்ள உரிமையை இழந்தவள் ஆகாள். இதைச் சட்டம் தயக்கமின்றிக் கூறுகிறது. திறனாய்வு தயங்கியே கூறுகிறது.

இனிப் பத்திரையின் செயல். தற்காப்பில் செய்யப்படும் எதுவும் குற்றமன்று எனப் பழைய சட்டத்தின் 96ஆம் பிரிவும் புதிய சட்டத்தின் 34ஆம் பிரிவும் தொடங்குகின்றன. உயிர்போக்கும் அளவுக்கு அவ்வுரிமை நீளும் சூழல்களைப் பழைய 100ஆம் பிரிவு வகுத்தது. 2013இல் அமிலவீச்சும் சேர்க்கப்பட்டபின் அவை ஏழாயின. அவற்றுள் முதலாவது, இறப்பு நேரும் என நியாயமாக அஞ்சத்தக்க தாக்குதல். மலையுச்சியில் கணவன் தன் கருத்தை வாய்விட்டுக் கூறியபின் இவ்வச்சம் ஊகமன்று. தாக்குதல் தொடங்கியிருக்க வேண்டும் என்பதும் இல்லை, அச்சுறுத்தலே போதும். அச்சம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும்.

அரசின் பாதுகாப்பை நாடுவதற்குக் காலம் இருந்தால் இவ்வுரிமை இல்லை என்பது சட்டம் இடும் ஒரு வரம்பு. கதை இவ்வரம்பை எதிர்பாராத வகையில் சந்திக்கிறது. மலையுச்சியில் காவலர் இல்லை என்பது வெளிப்படை. அதற்கும் முன்பே, இவனைக் குற்றவாளி எனக் கண்ட அரசநீதி செல்வத்தின்முன் விலகி நின்றுவிட்டது. சிலப்பதிகாரத்தில் கள்வன் அல்லாதவன் ஆராயப்படாமல் கொல்லப்பட்டான். இங்கே கள்வன் எனத் தெளியப்பட்டவன் விலைக்கு விடப்பட்டான். கோவலனுக்குப் பிழைத்த நீதியைக் கண்ணகி மன்றத்தில் நின்று கேட்டாள். பத்திரைக்குக் கேட்க மன்றமில்லை. விடுவித்தவன் தன் தந்தை, விடுவிக்க வேண்டியவள் தான். அரசு கைவிட்ட தீர்ப்பு அவள் கைக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

மிகுதியும் ஆராயத்தக்கது வலம்வரும் காட்சி. சாவதற்குமுன் கணவனை வலம்வந்து வணங்க வேண்டும் எனக் கேட்டு, பின்புறம் வந்ததும் அவள் தள்ளுகிறாள். பாலி மரபில் மலையுறை தெய்வம் அவள் அறிவைப் பாராட்டுகிறது. 1950இல் வெளிவந்த மந்திரி குமாரி திரைப்படம் இக்காட்சியைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றது. ஆயின் மதிநுட்பம் என்னும் சொல்லால் இக்காட்சியின் கூர்மை மழுங்குகிறது. வலம்வருதல் மனைவியின் பணிவைக் காட்டும் சடங்கு. தன்னைக் கொல்லவிருப்பவனிடம்கூட மனைவி அப்பணிவைச் செலுத்துவாள் என்று அவன் ஐயுறாமல் நம்புகிறான். அந்நம்பிக்கையே அவனை வீழ்த்துகிறது. உடல்வலியில் அவளினும் மிக்கவன்முன் அவளுக்குக் கிடைத்த ஒரே படைக்கலம் அவன் அவளைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து. இதை வஞ்சனை எனக் கூறுவோர், நேருக்குநேர் நின்று போரிடும் ஆற்றல் இருபாலார்க்கும் ஒத்தது என எண்ணுகின்றனர் போலும்.

சட்டத்தின் வேரிலும் இவ்வெண்ணம் உண்டு. 1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் தண்டனைச் சட்ட வரைவை அளித்தபோது, கொள்ளையருக்குப் பணிந்துபோகும் இந்நாட்டு மக்களிடையே ஆண்மை உணர்வைத் தூண்டுவதையே விரும்புவதாகத் தன் குறிப்புரையில் எழுதியது. தற்காப்புரிமை தாராளமாக வகுக்கப்பட்டமைக்கு அதுவே காரணமாகக் காட்டப்பட்டது. வெளியிலிருந்து வரும் கொள்ளையனை எதிர்த்து நிற்கும் ஆடவனே அச்சட்டத்தின் மனக்கண்முன் நின்றவன். வீட்டுக்குள்ளிருந்தே வரும் கொலைஞனையும், எதிர்க்கும் வலியின்றிச் சூழ்ச்சியை நாடும் மனைவியையும் அது எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. பிற்காலத் தீர்ப்புகள் ஓரளவு நெகிழ்ந்தன. ஆபத்தில் இருப்பவர் தம் எதிர்வினையைப் பொற்றராசில் நிறுத்துப்பார்க்க இயலாது என்பதும், அஞ்சியோடுதல் கடமையன்று என்பதும் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிகள். 2010ஆம் ஆண்டின் தர்சன் சிங் வழக்கு இவற்றைத் தொகுத்துரைத்தது. ஆயினும் தற்காப்பை மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும். சாட்சியற்ற மலையுச்சியிலிருந்து தனியே இறங்கிவரும் பெண்ணிடம் அவள் சொல் தவிர வேறென்ன இருக்கும்?

தமிழ்க் கதைமரபு நீதிமன்றத்துக்குள் சென்ற நிகழ்ச்சி ஒன்றை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். குழந்தைகளுடன் சாவைத் தேடிய தாயொருத்தியின் வழக்கில் 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்து, நீடித்த சினமூட்டல் என்னும் கருத்தை ஏற்றது. சட்டம் கூறும் திடீர்த்தன்மைக்குள் அடங்காத பெண்துயரைப் புரிந்துகொள்ளக் கதை துணைநின்றது. நல்லதங்காள் இரக்கத்துக்கு உரியவள். ஆதலின் எளிதில் ஏற்கப்பட்டாள். பத்திரை இரக்கத்தைக் கோருவதில்லை. இரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்கினால், தன்னை மாய்த்துக்கொள்ளும் பெண்ணைவிடத் தன்னைக் காத்துக்கொள்ளும் பெண்ணைப் புரிந்துகொள்வதே நம் மரபுக்குக் கடினமாக இருந்துள்ளது என்பது விளங்கும்.

அறநூல்கள் இவ்விடத்தில் என்ன கூறும்? திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்தில் 327ஆம் குறள், தன் உயிரே நீங்கினும் பிறிதோர் உயிரை நீக்கலாகாது என விதிக்கிறது. தன்னை அது கொன்றாலும் தான் அதனைக் கொல்லற்க எனப் பரிமேலழகர் ஐயத்துக்கு இடமின்றி உரைக்கிறார். கொலையுண்டால் பாவம் தேயும், கொன்றால் வளரும் என்பது அவர் காட்டும் காரணம். இதன்படி பத்திரை பிழைபட்டவள். ஆனால் இவ்வதிகாரம் துறவறவியலில் நிற்பது. கொடியோரை வேந்தன் ஒறுத்தலைக் களைகட்டலோடு ஒப்பிடும் 550ஆம் குறள் செங்கோன்மையில் நிற்கிறது. வேந்தனும் அல்லாத, துறவியும் அல்லாத இல்லறத்தாள் ஒருத்தி கொலைஞன்முன் தனித்து நிற்கும்போது செய்யத்தக்கது யாது என்பதற்குக் குறளில் தனி அதிகாரம் இல்லை. சமணம் இவ்விடைவெளியை அறிந்திருந்தது. இம்சையை நால்வகையாகப் பகுத்து, எதிர்ப்பின்பொருட்டு நேரும் விரோத இம்சையை இல்லறத்தார்க்கு முற்ற விலக்காமல், கருதிச் செய்யும் சங்கற்ப இம்சையையே விலக்கியது. சமண உரையாசிரியர் பத்திரையின்மீது பழி கூறாது மூதுரையைக் கூறி அமைந்தமைக்கு இப்பகுப்பு காரணமாகலாம்.

இவ்வாறு நோக்கும்போது அவள் துறவைக் கொலைக்குக் கழுவாயாகக் கொள்ளும் வழக்கமான விளக்கம் தளர்கிறது. கழுவாய் குற்றத்துக்கு உரியது. அவள் செய்தது இல்லறத்தின் எல்லைக்குள் பொறுக்கத்தக்க செயலே. அத்தகைய செயல் தேவைப்படும் வாழ்விலிருந்தே அவள் விலகுகிறாள். குற்றமன்று எனக் கூறியதும் சட்டத்தின் பணி முடிகிறது. குற்றமற்றவளாக மலையிறங்கியவள் எங்கே செல்வது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. அவள் தந்தையின் வீட்டுக்குத் திரும்பவில்லை.

தேரிகாதையில் பத்திரையின் கூற்றாக உள்ள ஐந்து பாடல்களில் கணவனும் இல்லை, மலையுச்சியும் இல்லை. அக்கதையை அங்கே சேர்த்தவர்கள் உரையாசிரியர்களே. தலைமயிர் களைந்து ஒற்றை ஆடையுடன் திரிந்த பழைய நாட்களைப் பற்றி அவள் கூறுகிறாள். அக்காலத்தில் குற்றமல்லாதவற்றில் குற்றத்தைக் கண்டதாகவும், குற்றமுள்ளவற்றில் அதைக் காணாதிருந்ததாகவும் சொல்கிறாள். அவள் முன்பு பின்பற்றிய சமயநெறியைப் பற்றிய கூற்றாகவே உரை இதற்குப் பொருள் கொள்கிறது. பின்னர் ஐம்பது ஆண்டுகள் கடன்படாதவளாக நாட்டாரின் பிச்சையை உண்டதாக அவள் கூறுகிறாள்.