சாந்தமான கவிதைக்கு மட்டுமா விடுதலை? 'நவரசம்' வழக்கும் வன்னி தரும் பாடமும்

மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் 'நவரசம்' கவிதைத் தொகுதி 2017இல் வெளிவந்தது. 2020 மே மாதம் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். தீவிரவாதத்தைத் தூண்டும் நூல் என்று 'நவரசம்' அவருக்கு எதிராக முன்வைக்கப்பட்டது. பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரில். பிணைக்கு முன்னரே 19 மாதங்கள் போய்விட்டன.

கைது நடந்த நாட்களில் நம்மவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "அந்தப் புத்தகத்துல தீவிரவாதம் எங்க இருக்கு? போருக்கு எதிராத்தானே எழுதியிருக்கார்?" உண்மையான பதில். சர்வதேச மன்னிப்புச் சபையும் அதையே சொன்னது. ஆனால் இலக்கிய விமர்சனம் இந்தப் பதிலோடு நின்றுவிடக் கூடாது. அரசு கேட்ட கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்கு நல்ல விடை எழுதிக் கொடுப்பதாகவே அது முடிகிறது. அப்படியென்றால், அந்தத் தொகுதியில் கோபம் மட்டுமே இருந்திருந்தால் 19 மாதச் சிறை நியாயமாகிவிடுமா?

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளியையும் வைத்தது. ஒன்பது ரசங்களில் ரௌத்திரமும் ஒன்று. சாந்த ரசத்துக்கு மட்டும் விடுதலை கொடுக்கும் சட்டத்தின் கீழ் முழுமையான கவிதை பிறக்காது. மோசமான கவிதை, ஆத்திரத்தில் எழுதிய கவிதை எல்லாவற்றையும் நாம் கடுமையாக விமர்சிக்கலாம். அவற்றைக் குண்டோடு சேர்த்து எண்ண முடியாது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. இனங்களுக்கிடையே கசப்பை உண்டாக்கும் சொல்லும், வாசிப்பதற்கென எழுதப்பட்டதும், அடையாளமும் அதன் 2ஆம் பிரிவின்படி குற்றம். எந்தச் சொல் கசப்பு, எது துயரம் என்று முதலில் தீர்மானிப்பவர் புலனாய்வு அதிகாரி. தன் கட்டுரைகளுக்காக ஊடகவியலாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகம் 2009இல் 20 வருடச் சிறைத்தண்டனை பெற்றது இந்தச் சட்டத்தில்தான். மூன்று வருடங்களுக்கு என்று கொண்டுவந்த சட்டம் 1982இல் நிரந்தரமானது.

2019க்குப் பிறகு நம் வீடுகளுக்குள் நுழைந்த இந்தச் சட்டம் வன்னிக்குப் பழையது. 2014 மார்ச்சில் கிளிநொச்சி தருமபுரத்தில், காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடிப் போராடிவந்த பாலேந்திரன் ஜெயக்குமாரி கைதானார். சந்தேக நபருக்கு அடைக்கலம் கொடுத்தார் என்பது பொலிஸாரின் குற்றச்சாட்டு. ஏறக்குறைய ஒரு வருடத் தடுப்புக்குப் பிறகே பிணை கிடைத்தது. அவரது 13 வயது மகள் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பப்பட்டாள். என்ன நடந்தது என்று விசாரிக்கப் போன ஒரு மனித உரிமைச் செயற்பாட்டாளரும் ஒரு பாதிரியாரும் சில நாட்களில் அதே கிளிநொச்சியில் அதே சட்டத்தில் கைதாகி, இரண்டு நாட்களில் விடப்பட்டார்கள். கேள்வி கேட்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது.

"அப்ப பாதுகாப்பு வேணாமா?" என்று கேட்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும் புலிகளால் விரட்டப்பட்ட சமூகத்துக்குப் பாதுகாப்பின் விலை தெரியும். 2019 ஏப்ரல் 21இல் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதும் நம் கண் முன்னேதான். ஆனால் அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு ஏறக்குறைய 40 வயது. அதிகாரம் குறைவாக இருந்ததால் குண்டு வெடிக்கவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. அதன்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வந்த எச்சரிக்கையைக் கவனிக்காத அரசு, அடுத்த வருடம் கவிதைப் புத்தகத்தைக் கவனித்தது.

உரிமையையும் பாதுகாப்பையும் தராசின் இரு தட்டுகளாக வைத்துப் பேசுவது வழக்கம். தராசைப் பிடித்திருப்பவர் யார் என்பதை நாம் கேட்பதில்லை. சந்தேகப்படுபவர் பொலிஸ். தடுப்பு உத்தரவு தருபவர் அமைச்சர். 2022 திருத்தத்துக்குப் பிறகும் அது 12 மாதங்கள் வரை நீளலாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியவர் கைதி. தட்டில் எதை வைத்தாலும் ஒரே பக்கம் சாயும் தராசு இது.

2018இலும் 2023இலும் மாற்றுச் சட்டமூலங்கள் வந்தன. இனி வருபவற்றையும் பெயரை வைத்து எடைபோட வேண்டாம். மூன்றை மட்டும் பார்த்தால் போதும்: வன்முறையை நேரடியாகத் தூண்டாத சொல் குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியதா? கைதானவரைத் தாமதமின்றி நீதவான் காண்கிறாரா? பொலிஸ் வாக்குமூலம் சாட்சியத்திலிருந்து விலக்கப்பட்டதா?

அஹ்னாபின் விடுதலையில் நாம் மகிழ்ந்தது சரி. "எங்கட புள்ள அப்படிப்பட்டவரில்ல" என்ற வாதம் எங்கட புள்ளையை மட்டுமே காப்பாற்றும். தருமபுரத்துத் தாய்க்கு அது உதவாது. நாளைக்கு வெகுளியோடு எழுதப்போகும் நம் இளைஞனுக்கும் உதவாது. கவிதை நல்லதா கெட்டதா என்று சொல்லும் வேலையை நம்மிடம் விடுங்கள் என்று கேட்கும் உரிமை விமர்சகர்களுக்கு உண்டு. அதை எல்லாக் கவிதைக்காகவும் கேட்க வேண்டும்.