கிணற்றைக் கேளாமல் விதைத்த சோளம்

வீட்டுத்தோட்டப் பேச்சு மன்னாருக்கு அலை அலையாக வந்து போகிறது. 2011இல் அரசின் திவிநெகும திட்டம், 2020இல் சௌபாக்கியா திட்டம், 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், வெள்ளிக்கிழமை விடுமுறை தருகிறோம், போய்ப் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அலைகள் வற்றியபின் தங்கி நிற்கிற மோகம் இனிப்புச் சோளம். மன்னார் நகரத்து உப்புக்குளத்தில் ஒரு வளவின் மதிலோரம் பத்துச் சோளம் கதிர் விட்டால் போதும், படம் கைத்தொலைபேசிகளில் ஊரைச் சுற்றி வந்துவிடும். உப்பு மணலில் எதுவும் வராது என்றவர்களுக்கு இது பதில் என்ற பெருமையும் கூடவே வரும்.

பெருமைப்படக் காரணம் இல்லாமல் இல்லை. விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கிறது, எழுபது எழுபத்தைந்து நாளில் கதிர் கைக்கு வருகிறது. பிள்ளைகளுக்குப் பயிர் காட்ட இதைவிட வேகமான ஆசிரியர் கிடையாது. அப்போதே முறித்து அவித்த கதிரின் ருசியும் உண்மைதான். ஐப்பசி மழை விழுந்ததும் விதைத்தால் மழையே மணலின் உப்பைக் கழுவித் தந்துவிடும்; மாரிப் பயிர் பற்றி எனக்கு வழக்கு இல்லை.

சில்லறைக் குறைகளும் உண்டு. சோளத்துக்கு மகரந்தம் காற்றில்தான் போய்ச் சேரவேண்டும். குஞ்சத்தின் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. மதிலோரம் ஒற்றை வரிசையாக நட்டால் தூள் வளவுக்கு வெளியே பறக்கும், கதிர் பல் விழுந்த வாயாக வரும். நாலு வரிசை சதுரமாக நட்டால் இது தீரும். 2018இல் இலங்கைக்குள் புகுந்த படைப்புழுவைக் குருத்துக்குள் தேடித் தேடி நசுக்கலாம். கடைப் பொதியில் வருவது பெரும்பாலும் கலப்பின விதை. அதில் எடுத்த மணியை மறுபடி போட்டால் தாயைப் போல வராது. ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்கவேண்டும். தன்னிறைவு பேசும் தோட்டத்துக்கு இது அழகல்ல. ஆனாலும் இவை எல்லாம் பொறுக்கக்கூடியவை.

பொறுக்க முடியாதது தண்ணீர்க் கணக்கு. கட்டுக்கரைக்குளத்து வாய்க்கால் பெருநிலத்து வயல்களோடு நின்றுவிடுகிறது, மன்னார்த் தீவுக்குள் வருவதில்லை. இங்கே உள்ளது மணலுக்குள் இறங்கிய மழைநீர் மட்டும். அது அடியில் ஊறிக் கிடக்கும் கடல்நீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கணக்குப்படி கீழே நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். மோட்டர் போட்டு அந்த ஓர் அடியை இறைத்தவர் நாற்பது அடியைப் பணயம் வைக்கிறார். உவர் மேலே ஏறினால் அவருடைய கிணறு மட்டும் கெடுவதில்லை, பக்கத்து வளவின் கிணறும் கெடும். மதில் நிலத்துக்கு மேலேதான் இருக்கிறது.

இனிப்புச் சோளமோ உப்பைத் தாங்குவதில் பலவீனமான பயிர். மண்ணின் உப்பை மீற்றருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று மின்கடத்துதிறனால் அளப்பார்கள். 1.7ஐத் தாண்டியதுமே சோளத்தின் விளைச்சல் இறங்கத் தொடங்கும். அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வோர் அலகுக்கும் 12 வீதம் போகும், 5.9இல் பாதிதான் மிஞ்சும். கௌபி 4.9 வரை முகம் சுளிக்காது. பங்குனிக் கடைசியில் விதைத்தவருக்குக் குஞ்சம் விடும் வேளையில் வைகாசி பிறந்துவிடும், சோளகக் காற்று எழும்பிவிடும். பயிர் தண்ணீருக்கு அதிகமாகத் தவிக்கும் கட்டமும் கிணறு உவர்க்கத் தொடங்கும் காலமும் ஒன்றாக வந்து சேரும். ஊற்ற ஊற்ற நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் வேரடியில் தங்கும்.

குழாய்த் தண்ணீர்தானே ஊற்றுகிறோம் என்பார்கள். அது முருங்கன் பக்கத்துக் கிணறுகளில் எடுத்து, கடல் தாண்டிக் குழாயில் வருகிற குடிநீர். பத்துச் சதுர மீற்றர் நிலத்தில் 60க்கு 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஐம்பத்தைந்து செடி நிற்கும். கோடைப் பயிருக்கு 400 மில்லிமீற்றர் நீர் என்று குறைத்தே வைத்தாலும் 4000 லீற்றர் வேண்டும். எல்லாச் செடியும் ஒழுங்காகக் காய்த்தாலும் கதிர் ஒன்றுக்கு எழுபது லீற்றருக்கு மேல் போகிறது. வெறும் மணலில் பாதி நீர் வேரைத் தொடாமலே இறங்கிவிடும் என்பதை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இன்னொரு வாதம் கற்பிட்டி. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளம், கற்பிட்டிப் பக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் உப்புக்குளத்தில் இருக்கின்றன. அங்கேயும் மணல், அங்கேயும் இரு பக்கம் கடல், ஆனாலும் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றனவே என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கண்ணால் கண்ட அனுபவம் அது. ஆனால் கற்பிட்டி அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மணல் பசளையைப் பிடித்து வைக்காது. போட்ட யூரியா அடுத்த இறைப்போடு கிணற்றுக்கு இறங்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்த நைத்திரேற்று எல்லையைக் கற்பிட்டிக் கிணறுகள் தாண்டியதை ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீட்டில் அது சின்ன விஷயம் அல்ல. சோளமோ யூரியாவுக்கு ஓயாமல் வாய் திறக்கும் பயிர், அடியிலை மஞ்சளித்தால் மூடையைத் தேடி ஓடவேண்டும். 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்த அந்த ஆறு மாதம் நாட்டுக்கே பெரும் இடி. இந்த வளவுக் கிணறுகளுக்கு மட்டும் அது ஓய்வாக இருந்திருக்கும்.

ஆகவே, கோடையில் இங்கே இனிப்புச் சோளம் விதைப்பதைத் தோட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கண்காட்சி. கட்டணத்தைப் பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கட்டுகிறது. சொல்வது கடுமைதான், பத்துச் செடியால் ஒரு கிணறு வற்றிவிடுமா என்று கேட்கலாம். பத்துச் செடியை யாரும் பத்தோடு நிறுத்துவதில்லை, படம் பார்த்த பக்கத்து வீட்டாரும் சும்மா இருப்பதில்லை.

விதைப் பொதியோடு வருகிற விவசாயப் போதனாசிரியர் சட்டைப்பையில் ஒரு மின்கடத்துதிறன் மானியும் கொண்டு வரட்டும். பேனை அளவுக் கருவி. வாளித் தண்ணீரில் நனைத்தால் அரை நிமிடத்தில் எண் தெரியும். மண்ணின் 1.7க்கு நீரில் ஈடான 1.1க்குக் கீழே காட்டுகிற வீட்டுக்குச் சோள விதை கொடுக்கலாம், அதையும் ஐப்பசியில் கொடுக்கலாம். மற்ற வீடுகளுக்குக் கௌபி விதையும் இரண்டு முருங்கைக் கம்பும் கொடுத்துவிட்டுப் போகட்டும்.